நாலு பூதங்களின் கூட்டணி!

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் புள்ளலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் காமாட்சியைப் பார்ப்பார்கள், வரதராஜரைப் பார்ப்பார்கள், மந்தாரை இலை வாசத்தோடு ஒரு கோயில் இட்லி சாப்பிடுவார்கள், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். புள்ளலூர் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு. வயல்வெளியும், வெள்ளைக்காரத் தளபதிகளின் நினைவாக நிற்கிற இரண்டு தூண்களும்தான் அங்கே இருக்கின்றன.

ஆனால் சரித்திரத்துக்கு அந்த ஊர் மேல் அலாதிப் பிரியம். பல்லவன் மகேந்திரவர்மன் தன் எதிரிகளைத் துவம்சம் செய்தது புள்ளலூரில்தான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அதற்குப் பிறகு ஆயிரத்து நூறு வருடங்களுக்கும் மேலாக ஓய்வெடுத்த ஊர், 1780-ல் மறுபடி கண் விழித்தது.

அந்த வருடம் ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு மலையிறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தார். சென்னையிலிருந்த கம்பெனிக்காரர்களுக்கு உதறல் எடுத்தது. பக்சார் போரின் ஹீரோ ஹெக்டர் மன்றோ தலைமையில் ஒரு படை காஞ்சிபுரத்தில் வந்து உட்கார்ந்தது. வடக்கே குண்டூர் பக்கமிருந்து கர்னல் வில்லியம் பெய்லி இன்னொரு படையோடு வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். இதுதான் திட்டம்.

பெய்லிக்கு நேரம் சரியில்லை. வழியில் கொற்றலையாற்றங்கரைக்கு வந்தவர், 'காலையில் கடந்துகொள்ளலாம்' என்று படுத்துவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் கரையிலேயே காவல். ஆற்றைத் தாண்டியதும் திப்பு சுல்தான் பிடித்துக்கொண்டார். மன்றோ அனுப்பிய துணைப்படை வந்து சேர்ந்தபோது பெய்லியிடம் சுமார் 3,800 பேர். காஞ்சிபுரம் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு ராத்திரி நடை. அவ்வளவுதான்!

செப்டம்பர் 10-ம் தேதி விடிந்தபோது புள்ளலூரில் ஒருபக்கம் திப்பு, இன்னொரு பக்கம் ஹைதர். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் சீறுகின்றன. பீரங்கிகள் முழங்குகின்றன. பெய்லியின் ஆட்கள் விடாமல் நின்று சண்டை போடுகிறார்கள். அப்போதுதான் அது நடந்தது. அவர்களுடைய வெடிமருந்து வண்டிகளில் எங்கிருந்தோ ஒரு நெருப்பு விழுந்தது. ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்று சரித்திரக்காரர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். விழுந்தது எதுவாக இருந்தாலும், வண்டிகள் வெடித்துச் சிதறின. அணி உடைந்தது. கதை முடிந்தது.

பெய்லி கைதியாகி ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். இரண்டு வருடம் கழித்து அங்கேயே செத்தும் போனார். காஞ்சிபுரத்தில் சேதி கேட்ட மன்றோ, கனத்த பீரங்கிகளையெல்லாம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு செங்கல்பட்டைப் பார்க்க ஓட்டமெடுத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைக்குப் போனால், இந்தப் போரைச் சுவர் முழுக்க ஓவியமாகத் தீட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். படத்தின் நடுவில் அந்த வண்டி வெடிக்கிறது!

ஒரு பொறி. இந்தியாவில் கம்பெனி அதுவரை வாங்கியதிலேயே மோசமான அடி.

'வெடிமருந்து வண்டியில் தீ பட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? இதிலென்ன அதிசயம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அதிசயம் ஐந்து வருடம் கழித்து வேறொரு ஊரில் நடந்தது. வெடித்தது என்ன தெரியுமா?

கோதுமை மாவு!

இத்தாலியின் டூரின் நகரம். 1785 டிசம்பர் 14. ஜியாகோமெல்லி என்ற ரொட்டிக்கடைக்காரரின் மாவுக் கிடங்கு. கீழ் அறையில் ஒரு பையன் மாவை வாரிக்கொண்டிருக்கிறான். மேலிருந்து ஒரு குவியல் சரிந்து விழுகிறது. அறை முழுக்க மாவுப் புகை. சுவரில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 'டமார்!' ஜன்னல் சட்டங்கள் பெயர்ந்து தெருவில் விழுந்தன. பையனுக்கு முகமும் கையும் வெந்துபோயின.

பேய், பிசாசு, சூனியம் என்று ஊர் பேசியிருக்கும். மொரோட்ஸோ என்ற பிரபு மட்டும் உட்கார்ந்து விசாரித்தார். அந்த வருடம் பல மாதங்களாக மழையே இல்லை, மாவு எலும்பாகக் காய்ந்திருந்தது என்பது வரை குறித்துவைத்து அறிவியல் கழகத்துக்கு அறிக்கை கொடுத்தார். தூசி வெடிக்கும் என்று உலகத்துக்கு எழுத்தில் சொன்ன முதல் ஆவணங்களில் ஒன்று அது.

நம் ஊரில் இந்த அறிவியலுக்கு அறிக்கை தேவைப்படவில்லை. காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரத்துத் தெருக்கூத்தில் அசுர வேஷம் உள்ளே வரும்போது, தீப்பந்தத்தின் மேல் ஒரு பிடி குங்கிலியப் பொடியை வீசுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? குப்பென்று ஆளுயரத்துக்கு நெருப்பு எழும்பி அடங்கும். சின்னப் பிள்ளைகள் அலறும். அதே குங்கிலியத்தைக் கட்டியாகத் தணலில் போட்டுப் பாருங்கள். சாதுவாகப் புகையும்.

பொருள் ஒன்றுதான். கட்டியாக இருந்தால் மேல்தோலில் மட்டும் காற்று படும். பொடியாக்கிக் காற்றில் வீசினால் ஒவ்வொரு துகளையும் காற்று சுற்றி வளைத்துக்கொள்ளும். ஒரு துகள் பற்றினால் பக்கத்துத் துகள், அது பற்றினால் அடுத்தது. கண் இமைப்பதற்குள் எல்லாமே எரிந்து முடிந்துவிடும். திறந்தவெளியில் நடந்தால் அது வெறும் 'குப்'. நாலு பக்கமும் மூடிய பெட்டிக்குள் நடந்தால்? சூடான காற்றுக்கு விரிய இடமில்லை. பெட்டியை உடைத்துக்கொண்டு வரும். அதுதான் வெடி.

இன்ஜினீயர்கள் இதற்கு ஐந்து காரணங்கள் எண்ணுவார்கள். எரியும் தூசி, ஆக்சிஜன், பொறி, தூசியும் காற்றும் கலப்பது, மூடிய இடம். ஒரு பி.காம். மூளைக்கு இதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபமான வழி, நம்முடைய பஞ்சபூதக் கணக்கு. தூசி என்பது மண். அதைத் தூக்கிச் சுழற்றுவதும் எரியவைப்பதும் காற்று. பொறி, தீ. மூடிய வெற்றிடம், ஆகாயம். நாலு பூதங்கள் கூட்டணி வைத்தால் ஆலையே காலி.

ஐந்தாவது பூதம் தண்ணீர். அது எந்தப் பக்கம்? வருகிறேன்.

* * *

1878 மே 2. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வாஷ்பர்ன் 'ஏ' மில். மலை மாதிரி ஒரு மாவு ஆலை. சாயங்காலம் வெடித்தது. 18 பேர் செத்தார்கள். பக்கத்து மில்களும் சேர்ந்து எரிந்தன.

அதற்கப்புறம்தான் முதலாளிகளுக்கு உறைத்தது. பறக்கிற தூசியை உடனுக்குடன் உறிஞ்சி எடுத்தால் என்ன? விசிறிகள், குழாய்கள், துணிப்பை வடிகட்டிகள், தூசியைச் சுழற்றிக் கீழே தள்ளும் கூம்பு வடிவ 'சைக்ளோன்'கள் என்று வரிசையாக வந்தன. இன்றைக்கு மரப்பட்டறையிலிருந்து மருந்துக் கம்பெனிவரை கூரையோரம் நிற்கிற பிரமாண்டத் தகரப் பெட்டிகளைப் பார்க்கிறோமே, 'டஸ்ட் கலெக்டர்', அவற்றின் கொள்ளுத்தாத்தாக்கள் இவை.

தூசியை உறிஞ்சுவதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. மனிதனின் நுரையீரல். பஞ்சுத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தால் 'பிசினோசிஸ்' என்ற மூச்சு நோய் வரும். லீவு முடிந்து திங்கள்கிழமை வேலைக்கு வரும்போது நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். சென்னை பின்னி மில்லிலிருந்து கோயம்புத்தூர் வரை, பஞ்சாலைத் தொழிலாளியின் இருமலுக்குப் பின்னால் அந்தத் தூசி இருந்தது. ஆகவே டஸ்ட் கலெக்டர் ஒரு பெரிய வரம். சந்தேகமேயில்லை.

ஆனால் அந்த வரத்துக்குள் ஒரு வில்லங்கமும் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் 40 கிராம் தூசி கலந்திருந்தால், இரண்டு மீட்டர் தள்ளி எரிகிற 25 வாட் பல்புகூடக் கண்ணுக்குத் தெரியாது. பல தூசிகள் வெடிக்க ஏறத்தாழ அந்த அடர்த்தி தேவை. மனுஷன் நிற்கிற இடத்தில் சாதாரணமாக அத்தனை தூசி இருக்காது. இருந்தால் அவன் நிற்கவே மாட்டான். ஆனால் டஸ்ட் கலெக்டருக்குள்? ஆலை முழுக்கப் பரவியிருந்த தூசி அங்கேதான் வந்து சேர்கிறது. வடிகட்டிப் பைகளில் அப்பிய தூசியை உதிர்க்க, நாம் தலையணையைத் தட்டுவது மாதிரி, நிமிடத்துக்கு நிமிடம் காற்றால் அடிக்கிறார்கள். உள்ளே எந்நேரமும் மேகமூட்டம்தான். மண், காற்று, ஆகாயம் மூன்றும் ஆஜர். நாலாவது ஆள் வந்தால் போதும்.

அவன் எப்படி வருகிறான்? குழாய் வழியாகவே வருகிறான்!

நூற்பாலையையே எடுத்துக்கொள்வோம். இறுகக் கட்டிய பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடுகிறார்கள். 'புளோ ரூம்' என்று சொல்லும் பகுதியில் வேகமாகச் சுழலும் உருளைகள் அந்தப் பஞ்சை அடித்துப் பிரித்துச் சுத்தம் செய்கின்றன. பொதியோடு ஒரு ஆணி வந்துவிட்டது. அல்லது ஒரு கல். அல்லது பொதி கட்டிய இரும்புப் பட்டையில் ஒரு துண்டு. உருளைப் பல்லில் பட்டதும் பொறி தெறிக்கிறது. ஒரு பஞ்சுத் துணுக்கு அதைக் கவ்விக்கொள்கிறது. இயந்திரத்துப் பக்கத்தில் நிற்பவர் தீயைப் பார்க்கவே மாட்டார். கனன்றுகொண்டிருக்கும் அந்தத் துணுக்கைக் காற்று இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அடுத்த இயந்திரம், அதற்கடுத்த இயந்திரம், கடைசியில் தூசி அறை. பஞ்சுக்குள் புகுந்த நெருப்பு புகையாமல்கூட ரொம்ப நேரம் பதுங்கியிருக்கும். ஷிப்ட் மாறிய பிறகுகூட எழுந்து உட்காரும்.

காஞ்சிபுரத்துத் தறிக்காரரிடம் அசல் பட்டா என்று கேட்டால், ஒரு இழையைக் கொளுத்திக் காட்டுவார். முடி கருகிய வாடையோடு சுருண்டு தானாகவே அணைந்துபோகும். பருத்தி இழையைக் கொளுத்துங்கள். காகிதம் மாதிரி கடைசிவரை எரிந்துவிட்டுத்தான் ஓயும். தறிக்குழிக்குள் கால் வைத்து, பாவும் ஊடையுமாக ஜரிகை கோத்து நெய்கிறவருக்குப் பறக்கும் தூசி பிரச்னையே இல்லை. தூசியை ஊர்க்கணக்கில் உற்பத்தி செய்வது இயந்திரம்தான்.

இந்த ஆபத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சீனாவின் ஹார்பின் நகரம் சாட்சி. 1987 மார்ச் 15. அங்கிருந்த லினன் ஆலையில் நள்ளிரவு ஷிப்ட். விடியற்காலை இரண்டரை மணியைத் தாண்டியபோது தூசி சேகரிக்கும் அமைப்பு வெடித்தது. ஒன்று வெடித்ததும் நெருப்பு குழாய் வழியே அடுத்ததற்குப் போனது. அங்கிருந்து அடுத்தது. 58 பேர் செத்தார்கள். 177 பேருக்குக் காயம். பெரும்பாலும் இளம் பெண்கள்.

லினன் என்பது வெறும் ஆளி நார். வெடிமருந்து இல்லை. அந்தப் பெண்களைக் காப்பாற்ற வைத்த பெட்டிதான் அவர்களைக் கொன்றது.

* * *

இதற்கு விடை ஜெர்மனியில், எதிர்பாராத ஒரு பின்னணியில் வளர்ந்தது.

அங்கே ஆல்ஃபெல்ட் என்ற சின்ன ஊர். அதில் ஃபாகுஸ் தொழிற்சாலை. கட்டடக் கலை படிக்கிறவர்களுக்கு அது ஒரு திருத்தலம். 1911-ல் வால்டர் குரோப்பியஸும் அடால்ஃப் மேயரும் கண்ணாடிச் சுவர்களோடு வடிவமைத்த கட்டடம். யுனெஸ்கோ 2011-ல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே தயாரானது என்ன தெரியுமா? செருப்புத் தைக்கிறவர்கள் பயன்படுத்துகிற மரப் பாத அச்சு! ஃபாகுஸ் என்றால் லத்தீனில் பீச் மரம்.

இந்தக் குடும்பத்தோடு சேர்ந்த கிரேகான் நிறுவனம் 1970-களிலிருந்து மரத்தூள் ஆலைகளுக்காக ஒரு கருவியை வளர்த்தெடுத்தது. தத்துவம் ரொம்ப எளிமை. பெட்டி வெடித்த பிறகு தண்ணீர் அடிப்பானேன்? பொறி பெட்டிக்குப் போகிற வழியிலேயே மடக்கினால் என்ன?

குழாய்க்குள் கும்மிருட்டு. அதன் சுவரில் இரண்டு எலெக்ட்ரானிக் கண்கள். இருட்டில் ஒரு சின்னக் கனல் ஓடினாலும் அதன் அகச்சிவப்புக் கதிரை வைத்துக் கண்டுபிடித்துவிடும். உடனே ஒரு வால்வுக்குக் கட்டளை போகிறது. சில மீட்டர் தள்ளியிருக்கும் நாசில்கள் குழாயின் குறுக்கே பனித்திவலை மாதிரி தண்ணீரைத் தூவுகின்றன. பொறி அந்தத் திரைக்குள் நுழைகிறது. 'ஸ்ஸ்...' அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். குழாயில் காற்று விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் பார்த்து, கட்டளை போய், வால்வு திறந்து, தண்ணீர் பரவ 0.3 விநாடி ஆகிறது. அதற்குள் பொறி 6 மீட்டர் ஓடியிருக்கும். ஆகவே கண்ணுக்கும் தண்ணீருக்கும் நடுவே குறைந்தது 6 மீட்டர் இடைவெளி வேண்டும். அதைவிடக் கிட்டத்தில் வைத்தால், தண்ணீர் வருவதற்குள் பொறி தாண்டிப் போயிருக்கும். கோடு பிசகினால் கோடி போச்சு.

இதில் ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. சில விநாடிகள் தூவிவிட்டுத் தண்ணீர் தானாக நின்றுவிடும். ஒன்றிரண்டு பொறிக்கெல்லாம் ஆலையை நிறுத்த வேண்டியதில்லை. பொறிகளின் எண்ணிக்கை எகிறினால்தான் இயந்திரம் நிற்கும். இது ஏன் முக்கியம்? அடிக்கடி உற்பத்தியை நிறுத்துகிற காவல்காரனை எந்த சூபர்வைசரும் விட்டுவைக்க மாட்டார். முதல் வேலையாக ஒயரைப் பிடுங்கிவிடுவார்!

பஞ்சாலையில் ஆட்டம் கொஞ்சம் மாறும். நல்ல பஞ்சை நனைத்தால் நஷ்டம். அதனால் பொறியைக் கண்டதும் குழாய்க்குள் ஒரு தகடு சடாரென்று திரும்பும். கனலும் பஞ்சைத் தனிப் பெட்டிக்குள் தள்ளிவிடும். அப்புறம் வரிசை நிற்கும். இரும்பைப் பிடிக்கக் காந்தம், உலோகம் கண்டுபிடிக்கும் கருவி என்று முன்னாலேயே வேறு காவல்களும் உண்டு. இந்தியாவின் நூற்பாலைகளில் பெரும்பங்கு தமிழ்நாட்டில்தான் என்பதால் நம் மில்காரர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி.

இத்தனையும் தாண்டி ஒரு பொறி பெட்டிக்குள் போய்விட்டால்? கடைசி அரண்கள் இரண்டு. ஒன்று, பெட்டியின் பக்கவாட்டில் வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்படும் தகடு. அழுத்தம் ஏறியதும் அது கிழிந்து, வெடியை ஆளில்லாத திசைக்கு அனுப்பும். இன்னொன்று, அழுத்தம் ஏற ஆரம்பித்த மாத்திரத்தில் உணர்ந்து, சோடியம் பைகார்பனேட் மாதிரியான பொடியை உள்ளே பீய்ச்சி வெடியை முளையிலேயே கிள்ளும் கருவி. ஆமாம், பெரும்பாலும் நம் சமையலறை ஆப்பசோடாதான்!

* * *

சரி, ஐந்தாவது பூதத்துக்கு வருவோம். தண்ணீர் எப்போதும் நண்பனா?

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில், பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்கு உரியது. மூலவர் மணல் லிங்கம். அதனால் லிங்கத் திருமேனிக்கு நீர் அபிஷேகம் கிடையாது, ஆவுடையாருக்குத்தான். பொருளின் சுபாவம் அறிந்து முன்னோர் வகுத்த முறை.

ஆலைத் தூசிக்கும் அதே விதி. மரத்தூளுக்குத் தண்ணீர் மருந்து. அலுமினியத் தூளுக்கு அது விஷம். ஈரம் பட்டால் அலுமினியத் தூள் சூடாகும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். 2014 ஆகஸ்ட் 2-ம் தேதி சீனாவின் குன்ஷான் நகரில், கார் சக்கரங்களுக்கு மெருகு போடும் ஆலையில் இதுதான் நடந்தது. டஸ்ட் கலெக்டருக்கு அடியில் தூசி சேரும் டிரம் துருப்பிடித்து ஓட்டை. அதன் வழியே ஈரம். உள்ளே அலுமினியத் தூள் தானாகவே கொதித்து வெடித்தது. அன்றைக்கே 75 பேர். சிகிச்சை பலனின்றி இறந்தவர்களையும் சேர்த்தால் 146.

அங்கே யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை. ஒரு ஓட்டை டிரம்மை மாற்றாமல் விட்டார்கள்.

2008 பிப்ரவரி 7-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இம்பீரியல் சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் இறந்ததும் ஏறக்குறைய இதே கதைதான். சர்க்கரையில் அழுக்கு விழக்கூடாது என்று கன்வேயர் பெல்ட்டைத் தகடு வைத்து மூடினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் திறந்திருந்த இடம் மூடிய பெட்டியாகிவிட்டது. தூசியை எடுக்கவும் வழி செய்யவில்லை, வெடி வெளியேறவும் வழி வைக்கவில்லை. முதல் வெடி சின்னது. அது உலுக்கியதில், உத்தரங்களிலும் தரையிலும் வருடக்கணக்கில் படிந்திருந்த சர்க்கரைத் தூசி எழும்பியது. ஆலையை அழித்தது அடுத்தடுத்து வந்த அந்த வெடிகள்தான். விலையுயர்ந்த கருவிக்கு முன்னால் வரவேண்டியது விளக்குமாறு. தூசி கிளப்பாமல் பெருக்கும் விளக்குமாறு!

'இதெல்லாம் வெளிநாட்டுக் கதை சார்' என்று தள்ளிவிட முடியாது. 2025 ஜூன் 30-ல் தெலங்கானாவின் பாஷமைலாரத்தில், மாத்திரைகளில் சேர்க்கும் செல்லுலோஸ் பொடி தயாரித்த ஆலை வெடித்தது. காணாமல் போனவர்களையும் சேர்த்து ஐம்பது பேருக்கு மேல் பலி. பலர் பிழைக்க வந்த வெளிமாநிலத்தவர்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே, குருவிமலையில் 2023 மார்ச் 22-ல் பட்டாசு ஆலை வெடித்து எட்டுப் பேருக்கு மேல் இறந்தார்கள். அது தூசி வெடிப்பு அல்ல, வெடிமருந்து. பெய்லியின் வண்டி இனம். ஆனால் இரண்டிலும் கடைசியில் வந்து சேர்கிற ஆள் ஒருவனே. பொறி.

* * *

இப்போது காஞ்சிபுரம் மாவட்ட மேப்பை எடுங்கள். ஒரு முனையில் பிள்ளையார்பாளையத்துத் தறிகள். மறுமுனையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். 1998-ல் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பக்கம் கார், கண்ணாடி, லாரி, மோட்டார் சைக்கிள், அவற்றுக்கு உதிரிபாகம் தரும் சின்னச் சின்ன ஆலைகள் என்று வயல்கள் ஷெட்டுகளாகிவிட்டன. உலோகத்தைத் தேய்க்கும்போதும், பிளாஸ்டிக்கைப் பொடிக்கும்போதும், பெயின்ட் பவுடர் அடிக்கும்போதும் தூசி வரத்தான் செய்யும். தறிக்குழியில் அப்பா உட்கார்ந்திருக்க, பிள்ளை கம்பெனி பஸ்ஸுக்காகத் தெருமுனையில் காத்திருக்கிற காட்சி காஞ்சிபுரத்தில் சர்வசாதாரணம். அப்பாவின் தொழிலில் கண் போகும், முதுகு போகும், முழங்கால் போகும். ஒரே நொடியில் உயிர் போகாது.

சட்டம் தூங்கிக்கொண்டிருந்ததா? இல்லை. 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37-வது பிரிவே இந்த விஷயத்துக்காக எழுதப்பட்டதுதான். வெடிக்கக்கூடிய தூசி கிளம்பும் இயந்திரத்தை மூடு, தூசி சேரவிடாதே, பொறி கிளப்பும் எதையும் பக்கத்தில் வைக்காதே, வெடி பரவாமல் தடுப்பு வை, வெளியேற வழி வை என்று பட்டியலே போட்டது. 2020-ல் நாடாளுமன்றம் தொழிலாளர் சட்டங்களைத் திரட்டிப் புதுத் தொகுப்பு கொண்டுவந்தது. சட்டத்தின் பெயர் எதுவானாலும் தூசியின் குணம் மாறப்போவதில்லை.

உண்மையான சிக்கல் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். பொறி பிடிக்கும் கருவி வாங்கினால் பற்று எழுதலாம். வருடாவருடம் தேய்மானம் எழுதலாம். பராமரிப்புச் செலவு எழுதலாம். நடக்காமல் போன விபத்தை எந்தக் கணக்கில் வரவு வைப்பது? அதற்கு லெட்ஜரில் பக்கமே கிடையாது! கருவி ஒழுங்காக வேலை செய்கிற வரை அது வெட்டிச் செலவு மாதிரியே தெரியும். 'மூணு வருஷமா ஒண்ணுமே ஆகலையே, இது எதுக்கு?' என்று ஒருவர் கேட்பார். அதன் கண்ணில் தூசி படிந்திருக்கும், துடைத்திருக்க மாட்டார்கள். தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கும், பார்த்திருக்க மாட்டார்கள். சுவரில் பச்சை விளக்கு மட்டும் அழகாக எரிந்துகொண்டிருக்கும்.

நீங்கள் ஆலை முதலாளியாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டிலிருந்தோ, எதிர் வீட்டிலிருந்தோ ஒருவர் ஷிப்ட் பஸ் ஏறுகிறார். அடுத்த முறை பார்க்கும்போது சம்பளம் எவ்வளவு, ஓ.டி. உண்டா, கேன்டீன் சாப்பாடு எப்படி என்று கேட்பதோடு, இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்க ஆலையில் தூசி எங்கே போய்ச் சேருது? அந்தப் பெட்டியைக் கடைசியா எப்ப சுத்தம் பண்ணினாங்க? அதுக்குப் பக்கத்துல யாராவது உட்கார்ந்து சாப்பிடுறீங்களா?

பதில் தெரியாது என்று சொன்னால், மேலதிகாரியிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் காசு ஆகாது.

புள்ளலூரில் பெய்லியின் ஆட்களுக்கு அந்த நெருப்பு வருவதைப் பார்க்கவோ, வழியில் மறிக்கவோ ஒரு வழியும் இல்லை. 1780-ல் உலகத்தில் யாரிடமும் அது இல்லை. இன்றைக்கு இருக்கிறது. 6 மீட்டர் குழாய், இரண்டு கண், கொஞ்சம் தண்ணீர். எங்கே தண்ணீர் ஆகாதோ, அங்கே அதற்குத் தகுந்த வேறு மருந்து. கூடவே, தினமும் அதைத் துடைத்துப் பார்க்க ஓர் ஆள்.

அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க மனசு வர வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.